எதிலிருந்து எண்ணுவது? அரிசோனாவில் ஆறு நாட்கள்

முதல் நாள்: சன்செட் எரிமலை

மாமா கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நிலவியல் சொல்லிக்கொடுத்தவர். கிராண்ட் கேன்யனைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் பேசியிருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் நான்தான் வற்புறுத்திக் கூட்டிவந்தேன். நான் கார் ஓட்ட வேண்டும், அவர் கல்லைப் பற்றிப் பேச வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் தங்கி, காலையில் சன்செட் கிரேட்டர் போனோம். சுமார் 300 மீட்டர் உயரமுள்ள எரிமலைக் கூம்பு. அடிவாரம் கறுப்பு. உச்சியில் இரும்பு துருவேறிய சிவப்பு, அதனால்தான் அந்தப் பெயர். கூம்பின் மேல் ஏறுவதை 1973லேயே தடுத்துவிட்டார்கள். கீழே உறைந்த லாவா நடுவே போகும் பாதையில் நடக்கலாம். காலடியில் கரித்துண்டு மாதிரி கறுப்புச் சரளை நொறுங்கியது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளெல்லாம் துளை, கையில் எடையே தெரியவில்லை. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

"இதுக்கு என்ன வயசு மாமா?"

"எதிலேருந்து?" என்றார். நான் விழித்தேன். "வயசு கேட்டா முதல்ல அதைச் சொல்லணும் மாப்ள. எது நடந்ததிலேருந்து எண்ணணும்? கல் உறைஞ்சதிலேருந்தா, மேல வந்ததிலேருந்தா, வெயில் பட்டதிலேருந்தா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு கடிகாரம் இருக்கு. தப்பான கடிகாரத்தைப் பார்த்தா சரியான மணி தெரியாது."

இந்த எரிமலைக்கு முதலில் வயது சொன்னது மரம். பக்கத்தில் வுபாட்கி என்ற பழைய குடியிருப்பு இடிந்து கிடக்கிறது. அங்கே கிடைத்த உத்தரங்கள் சிலவற்றில் 1064ஆம் ஆண்டுக்குப் பிறகு ஆண்டு வளையங்கள் திடீரென்று குறுகியிருந்தன. சாம்பல் விழுந்து மரம் திணறியிருக்கிறது என்று அதை வைத்து வெடிப்பைக் கணித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை 1085 வாக்குக்குத் தள்ளின. மர வளையத்தைக் காலண்டராக்கியவர் ஆண்ட்ரூ டக்ளஸ், ஒரு வானியலாளர். இதே ஃபிளாக்ஸ்டாஃபில் உள்ள லோவெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். உயிருள்ள மரத்தின் வளையங்களோடு பழைய உத்தரங்களின் வளையங்களைப் பொருத்திப் பொருத்திப் பின்னோக்கிப் போனார். நடுவில் சங்கிலி அறுந்திருந்தது. 1929இல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கருகிய உத்தரம் ஒன்று அந்த இடத்தை இணைத்தது.

வயது தெளிவாகத் தெரிந்த லாவா இது. அதனால் 1969இல் டால்ரிம்பிள் என்ற நிலவியலாளர் இதை வைத்து வேறொரு கடிகாரத்தைச் சோதித்தார். பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உள்ளது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 125 கோடி ஆண்டு. சிதைவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாக மாறும். லாவா குழம்பாக இருக்கும்வரை ஆர்கான் வெளியே போய்விடும், உறைந்த பிறகு உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்படியானால் சேர்ந்திருக்கும் ஆர்கானை அளந்தால் எப்போது உறைந்தது என்று தெரிய வேண்டும். ஆயிரம் வயதுகூட ஆகாத இந்த லாவாவை அளந்தபோது வந்த விடை, சுமார் இரண்டரை லட்சம் ஆண்டு!

குழம்பிலிருந்த பழைய ஆர்கான் முழுசாக வெளியேறவில்லை. கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கவில்லை. "அப்ப அந்த முறையே தப்புதானே?" என்றேன். மாமா நின்றுவிட்டார். "இதே மிச்சம் பத்துக் கோடி வருஷக் கல்லுல இருந்தா என்ன ஆகும்? கால் சதவீதம் பிசகும். அவ்வளவுதான். சின்ன வயசை அளக்க இந்தக் கடிகாரம் லாயக்கில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் கல்லைப் படிப்படியாச் சூடாக்கி, பழைய ஆர்கான் எது புதுசு எதுன்னு பிரிக்கவும் கத்துக்கிட்டாங்க."

திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொல்லிச் சுற்றியுள்ள கூம்புகளைக் காட்டினார். இந்த வட்டாரத்தில் 600 எரிமலைகள் வரை உண்டு, 60 லட்சம் ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வந்தவை. சன்செட்டின் சரிவில் ஒரு நீர்க்கோடு இல்லை. பெய்த மழையைச் சரளையே குடித்துவிடுகிறது. பழைய கூம்புகள் தணிந்து, அகன்று, பக்கமெல்லாம் ஓடை அரித்துப் புல் மூடிக் கிடக்கின்றன. எது மூத்தது எது இளையது என்று ஆய்வகமே இல்லாமல் வரிசைப்படுத்திவிடலாம்.

இரண்டாம் நாள்: விண்கல் பள்ளம்

இன்று பார்த்ததை எழுதி முடிக்க முடியுமா தெரியவில்லை. அவ்வளவு இருக்கிறது.

ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள். சமவெளியில் போய்க்கொண்டே இருக்கிறோம், தூரத்தில் தாழ்வான ஒரு மேடு, அவ்வளவுதான். மேட்டில் ஏறினால் தரையே காணாமல் போகிறது. 1.2 கிலோமீட்டர் அகலம், 170 மீட்டர் ஆழம். அடியில் இறங்க அனுமதி இல்லை. விளிம்பில் வழிகாட்டியோடு நடக்கலாம். காற்று ஆளைத் தள்ளியது.

படிவுப் பாறைகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. 1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிய விதி. நிலவியல் படிக்கும் எல்லோரும் முதல் நாள் கற்பது. இந்த ஊர் வரிசைப்படி அடியில் வெளிறிய கோகோனினோ மணற்கல், அதன்மேல் கைபாப் சுண்ணாம்புப் பாறை, எல்லாவற்றுக்கும் மேல் மோயன்கோப்பி என்ற சிவந்த படிவு. பள்ளத்தின் சுவரில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் விளிம்புக்கு மேலே பார்த்தால் வரிசை தலைகீழ்! சிவப்புக்கு மேல் கைபாப், அதற்கும் மேல் கோகோனினோ. விண்கல் மோதிய வேகத்தில் தரை புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி வெளிப்பக்கம் மடிந்து கவிழ்ந்திருக்கிறது. விதி பொய்யாகவில்லை. மடிந்தது தெரியாமல் மேலே நின்று எண்ணுகிறவர்தான் ஏமாறுவார்.

1960 வாக்கில் யூஜின் ஷூமேக்கர் என்ற நிலவியலாளர் இந்தப் புரட்டலை நுணுக்கமாக வரைபடமாக்கினார். அவரும் சகாக்களும் இங்கே கோசைட் என்ற கனிமத்தையும் கண்டுபிடித்தார்கள். மிகக் கடுமையான அழுத்தத்தில் மட்டும், மணற்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் அப்படி மாறும். எரிமலை நீராவி வெடித்த குழி என்று அதற்கு முன் சொல்லிவந்தவர்களுக்கு அது பதிலாயிற்று.

சரி, பள்ளத்துக்கு என்ன வயது? கைபாப் பாறை கடலடியில் படிந்து சுமார் 27 கோடி ஆண்டு ஆகிறது. அது பள்ளத்தின் வயது ஆகாது. பொட்டாசியம் கடிகாரம் இங்கே உதவாது, மோதலில் புதிய லாவா எதுவும் உறையவில்லையே. வேறு ஒன்று வேண்டும்.

விளிம்பில் வீட்டளவு பாறைகள் கிடக்கின்றன. மோதலுக்கு முன் அவை தரைக்கு அடியில், வெளிச்சம் காணாமல் இருந்தவை. வெளியே வந்து விழுந்த நொடியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் அவற்றைத் தாக்குகின்றன. விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் இந்தத் துகள்கள் பாறைக்குள் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் அதிகம் போவதில்லை. குவார்ட்ஸில் உள்ள ஆக்சிஜன் அணுவை உடைத்தால் பெரிலியம்-10 உண்டாகும், சிலிக்கானை உடைத்தால் அலுமினியம்-26. கடல் மட்டத்தில் ஒரு கிராம் குவார்ட்ஸில் ஒரு வருஷத்துக்கு நாலைந்து பெரிலியம் அணு சேரும். உயரம் கூடினால் இன்னும் வேகமாகச் சேரும். அந்த அணுக்களை எண்ணிவிடுகிறார்கள். அணு அணுவாக! பாறை எப்போதிலிருந்து வெயிலில் கிடக்கிறது என்பதைக் கல்லே சொல்கிறது.

1991இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் செய்தன. பெரிலியமும் அலுமினியமும் 49,200 ஆண்டு என்றன, குளோரின்-36 முறை 49,700 என்றது. அதற்கு முன்பே, மோதலின் சூட்டில் பூஜ்யமான கனிமங்கள் மறுபடி சேர்த்துவைத்த ஆற்றலை ஒளியாக வெளிவரச் செய்து அளந்தவர்கள் 49,000 என்றிருந்தார்கள். மூன்று வெவ்வேறு கடிகாரங்கள், ஒரே மணி. அண்மையில் அணுக்கள் சேரும் வேகத்தைத் திருத்திக் கணக்கிட்டபோது 60,000 பக்கம் நகர்ந்திருக்கிறது. கடிகாரத்தைச் சரிபார்க்கும் வேலை நிற்பதே இல்லை. எனக்கு அது நம்பிக்கை தருகிறது.

அருங்காட்சியகத்தில் அந்த விண்கல்லின் ஹோல்சிங்கர் துண்டு இருக்கிறது. இதுவரை கிடைத்த துண்டுகளிலேயே பெரியது, 639 கிலோ இரும்பு. தொடலாம். கட்டைவிரல் அழுத்திய மண் மாதிரி மேலெல்லாம் குழி. மாமா இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

காரணம் இருக்கிறது. பூமியின் வயதைச் சொன்ன இரும்பு இது. யுரேனியம் சிதைந்து கடைசியில் ஈயமாகும். ஆனால் ஒரு கல்லில் இருக்கும் ஈயத்தில் பிறவியிலேயே இருந்தது எவ்வளவு, பிறகு சேர்ந்தது எவ்வளவு? அது தெரியாமல் கணக்குப் போட முடியாது. இந்த விண்கல்லில் ட்ரோய்லைட் என்ற இரும்பு சல்ஃபைடு உண்டு. அதில் யுரேனியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆகவே அதிலுள்ள ஈயம் சூரியக் குடும்பம் பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியலாளர் அதை அளந்து, வேறு விண்கற்களோடு ஒப்பிட்டு, 1956இல் வெளியிட்டார். 455 கோடி ஆண்டு, பிழை 7 கோடி. இன்றும் அந்த எண் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அளக்கும்போது எங்கே தொட்டாலும் வெளி ஈயம் கலந்துகொண்டே இருந்தது. அதைத் துரத்தப்போய்த்தான் பெட்ரோலில் ஈயம் கலப்பது காற்றையே நஞ்சாக்குகிறது என்பதைக் கண்டு, அதை நிறுத்தப் பல வருஷம் போராடினார்.

நின்ற இடம் ஒன்றுதான். இரும்புக்கு 455 கோடி, பாறைக்கு 27 கோடி, பள்ளத்துக்கு 50,000. எதுவும் எதையும் மறுக்கவில்லை. நேற்று மாமா கேட்ட "எதிலேருந்து?" எனக்கு இங்கேதான் முழுசாகப் புரிந்தது.

மூன்றாம் நாள்: ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு. முதல் பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மாமா ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

யாவாபாய் அருங்காட்சியகத்திலிருந்து மேற்கே விளிம்போடு 'டிரெயில் ஆஃப் டைம்' என்ற நடைபாதை போகிறது. 2010இல் திறந்தது. ஒரு மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி, ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டு. அந்தந்த வயதில் அந்தந்தப் பாறையைக் கீழிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தடவிப் பார்க்கலாம்.

நாங்கள் பார்த்ததையெல்லாம் இதில் வைத்துப் பார்த்தோம். சன்செட் எரிமலை, ஒரு மில்லிமீட்டர். விண்கல் பள்ளம், ஐந்து சென்டிமீட்டர். மனித இனம் ஒரு முழத்துக்குள் அடக்கம். 66ஆவது மீட்டரில் டைனோசர்கள் அழிந்தன. ஆனால் டைனோசர் காலத்துப் பாறை கேன்யன் சுவரில் இல்லை, அரித்துப் போய்விட்டது. 270ஆவது மீட்டரில்தான் முதல் பாறை, நாம் நிற்கும் விளிம்பேயான கைபாப். அப்புறம் அடுத்தடுத்து வருகின்றன. 500ஐத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுபோகின்றன. பிறகு சுமார் 200 மீட்டருக்குக் கல்லே கிடையாது. 729இல் மறுபடி ஆரம்பித்து 1,255 வரை சில. அப்புறம் 400 மீட்டர் வெறுமை. கடைசியில் 1,840ஆவது மீட்டரில் எல்வ்ஸ் கேஸம் நைஸ், கேன்யனிலேயே மூத்த பாறை. 184 கோடி வயது.

கல் இல்லாத தூரத்தை நடந்துபார்த்தால்தான் எவ்வளவு தொலைந்திருக்கிறது என்று உறைக்கும். "புத்தகத்துல இதை ஒரு வளைஞ்ச கோடாப் போட்டு முடிச்சிருவோம்" என்றார் மாமா. முழங்கால் வலியால் நாலு தடவை உட்கார்ந்து எழுந்தார். நாளை நான் கீழே இறங்குகிறேன், அவரால் வர முடியாது. இரவு ஒரு தாளில் எனக்கு ஏழெட்டுக் கேள்வி எழுதிக் கொடுத்தார்.

நான்காம் நாள்: இறக்கம்

(கீழே சிக்னல் இல்லை. மேலே வந்தபிறகு பதிவிடுகிறேன்.)

தெற்கு கைபாப் பாதை. அடிவார முகாம்வரை 11 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய 1,460 மீட்டர் இறக்கம். அடியில் ஓடும் கொலராடோ ஆற்றுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பக் கூடாது என்று எங்கும் எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். இரவு தங்க முன்பே அனுமதி வாங்கியிருந்தேன். விடியும் முன் கிளம்பினேன்.

மாமாவின் முதல் கேள்வி: "கோகோனினோவில் கோடுகள் எந்தப் பக்கம் சரிகின்றன?" பாதை அந்தப் பாறையை வெட்டிப் போகிற இடத்தில் முகத்தருகே பார்த்தேன். மட்டமான படிவே இல்லை. சாய்ந்த கோடுகள் அடுக்கடுக்காக, ஒன்றை இன்னொன்று வெட்டிக்கொண்டு. பாலைவன மணல்மேடு காற்றில் நகர்ந்த தடம். மணல் சர்க்கரை மாதிரி ஒரே அளவு.

படிவுப் பாறைக்கு வயது சொல்வது லேசில்லை. மணற்கல்லிலிருந்து ஒரு மணியை எடுத்து யுரேனியம் பார்த்தால் அந்த மணி பிறந்த வயதுதான் வரும். இந்த மணலில் கணிசமானது இந்தக் கண்டத்தின் மறுகோடியில் உள்ள அப்பலாச்சிய மலைகளிலிருந்து வந்தது என்று அதிலுள்ள சிர்கான் என்ற கனிம மணிகளின் வயதை வைத்துச் சொல்கிறார்கள். நூறு கோடி வயதுள்ள மணிகள், 27, 28 கோடி வயதுள்ள மணல்மேட்டில். எனவே மணிகளில் மிக இளையதைத் தேடுவார்கள். அதைவிட மணற்கல் மூத்ததாக இருக்க முடியாது. இது ஒரு பக்க வேலி. சாம்பல் படிவு கிடைத்தால் யோகம், அது விழுந்த நாளே படிந்த நாள். இரண்டும் இல்லாவிட்டால் புதைபடிவங்கள்தான் துணை.

புதைபடிவத்தின் பலம் ரெட்வாலில் தெரிந்தது. தூரத்திலிருந்து ரத்தச் சிவப்பாகத் தெரியும் 150 மீட்டர் சுவர். பக்கத்தில் போய் உடைந்த முகத்தைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம்! மேலே உள்ள செம்படிவுகளிலிருந்து மழை இறக்கிவிட்ட சாயம் மட்டுமே சிவப்பு. இந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு 34 கோடி வயது. அதற்கு நேர் கீழே மூவாவ் என்ற பாறை, அதற்கு 50 கோடி. இரண்டும் மட்டமாக ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கின்றன. இடையில் 16 கோடி ஆண்டு காணாமல் போயிருக்கிறது, சாதாரணக் கண்ணுக்கு ஒரு விரிசல்கூடத் தெரியவில்லை. ஓடு வைத்த பிராணிகள் மாறியிருப்பதைக் கண்டுதான் முதலில் பிடித்தார்கள்.

டிப்ஆஃப் என்ற இடத்தில் டேபீட்ஸ் மணற்கல் முடிந்ததும் நிறம் சட்டென்று மாறுகிறது. ஹகடாய் களிப்பாறை, செங்கல்லைவிடச் சிவப்பு. அதற்கும் கீழே பாஸ் சுண்ணாம்பு, அதில் 125 கோடி ஆண்டுச் சாம்பல் படிவு கிடைத்திருக்கிறது. அதன் அடியில் விஷ்ணு சிஸ்ட் என்ற கரிய பாறை. ஆம், விஷ்ணுதான். இங்குள்ள சிகரங்களுக்குப் பல நாட்டுத் தெய்வங்களின் பெயர்கள்.

மாலையில் ஆற்றைக் கடந்து முகாமுக்கு வந்தேன். இருட்டியபிறகு தலைவிளக்கைப் பாறைச் சுவரில் அடித்தேன். கரிய சிஸ்ட் நடுவே இளஞ்சிவப்பு கிரானைட் நரம்பு ஒன்று கையகலத்தில் குறுக்கே ஓடியது. விளக்கை அசைத்தால் அபிரகம் மினுங்கியது. வெட்டுவது இளையது, வெட்டப்படுவது மூத்தது. கரிய பாறை முதலில் இருந்தாக வேண்டும், நரம்பு பிறகு வந்தாக வேண்டும். எண் தெரியாவிட்டாலும் வரிசை உறுதி.

எண்ணைத் தருவது அந்த நரம்புக்குள் இருக்கும் சிர்கான். மணல்துகளைவிடச் சிறிய படிகம். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. எனவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் கிட்டத்தட்ட எல்லாமே யுரேனியத்திலிருந்து வந்தது. இன்னொரு வசதியும் உண்டு. யுரேனியம்-238 தன் பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு எடுக்கும், யுரேனியம்-235க்கு 70 கோடி போதும். இரண்டு கடிகாரம் ஒரே படிகத்தில்! இரண்டும் ஒரே வயது சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் ஈயம் கசிந்திருக்கிறது என்று புரியும், எப்போது கசிந்தது என்பதைக்கூடச் சில சமயம் கண்டுபிடிக்கலாம். பொய் சொன்னால் தானே காட்டிக்கொடுக்கும் சாட்சி. இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள்: கை வைத்த இடம்

பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏற்றம், 15 கிலோமீட்டர். 'டெவில்ஸ் கார்க்ஸ்க்ரூ' என்ற வளைவுகளில் விஷ்ணு சிஸ்ட் நடுவே மூச்சு வாங்க ஏறினேன். 175 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் படிந்த சேறும் எரிமலைச் சாம்பலும், பூமிக்குள் சுமார் 20 கிலோமீட்டர் ஆழம்வரை போய் வெந்து நசுங்கி இப்படி ஆகியிருக்கின்றன. தாள்கள் செங்குத்தாக நிற்கின்றன.

வளைவுகள் முடிந்து ஓடைப் பள்ளத்தில் ஏறும்போது மாமா தாளில் அடிக்கோடிட்ட இடம் வந்தது. 'கிரேட் அன்கன்ஃபார்மிட்டி', பாறை வரிசையில் காலம் தொலைந்துபோன பெரிய இடைவெளி. கீழே செங்குத்தான கரிய சிஸ்ட், அதன் தலையைச் சீவிவிட்ட மாதிரி ஒரு கோடு, மேலே மட்டமான பழுப்பு டேபீட்ஸ். சுண்டுவிரல் சிஸ்ட் மேல், கட்டைவிரல் மணற்கல் மேல் படும்படி கையை வைத்தேன். சுமார் 51 கோடிக்கும் 175 கோடிக்கும் நடுவே, நேற்று முன்தினம் காலக்கணக்கில் 1,240 மீட்டர் நடந்த அத்தனையும் என் உள்ளங்கைக்கு அடியில். மலைகள் எழுந்து, 20 கிலோமீட்டர் பாறை அரித்துப்போய், தரை தட்டையாகி, கடல் வந்திருக்கிறது. அதற்கெல்லாம் இங்கே கல் இல்லை, இந்தக் கோடு மட்டும் இருக்கிறது.

இரவு எட்டு மணிக்கு அறைக்கு வந்தேன். மாமா நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"கோட்டுக்கு மேல முதல் படிவு எப்படி இருந்துச்சு? பொடியா, பருக்கையா?"

"பருக்கை மாமா. பட்டாணி அளவு குவார்ட்ஸ் கூழாங்கல், சிலது இன்னும் பெருசு. அரை ஜாண் மேல போனா மணலாயிடுது."

"முனை மழுங்கியா, கூராவா?"

"பாதி மழுங்கின மாதிரி."

"ரொம்ப தூரம் உருளலை. கீழ இருக்கிற பாறையோட நரம்புலேருந்து உடைஞ்சதுதான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மேல் படிவில் கீழ்ப்பாறையின் துண்டு இருந்தால், அந்தத் துண்டு உடையும் முன்பே கீழ்ப்பாறை கல்லாக இருந்தது என்று அர்த்தம். அரைப் பக்கம் நிரம்பியது. கூழாங்கல் எவ்வளவு நெருக்கம், நடுவே என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார். சிலவற்றுக்கு எனக்குப் பதில் இல்லை.

ஆறாம் நாள்: பள்ளத்தின் வயது

கடைசி நாள், விளிம்பின் கிழக்குக் கோடியில் டெசர்ட் வியூ.

இவ்வளவு பாறைக்கும் வயது தெரிந்தபிறகும், கேன்யனுக்கு என்ன வயது என்ற கேள்விக்கு நிலவியலாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். பாறை இருக்கிறது, அளக்கலாம். பள்ளம் என்பது இல்லாத பாறை. அதை எப்படி அளப்பது?

ஒரு வழி, வெட்டிய மண் எங்கே போனது என்று பார்ப்பது. கேன்யன் மேற்கே முடியும் இடத்தில் 60 லட்சம் ஆண்டுக்கு மூத்த படிவுகளில் கொலராடோ ஆறு கொண்டுவந்த மணலே இல்லை. அப்படியானால் ஆறு அந்த வழியாக வந்தது அதற்குப் பிறகு. இன்னொரு வழி லாவா. மேற்குப் பகுதியில் கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் பலமுறை எரிமலைக் குழம்பு பள்ளத்துக்குள் வழிந்து ஆற்றையே அடைத்திருக்கிறது. அந்த லாவாவுக்கு அடியில் அன்றைய ஆற்றுக் கூழாங்கல் இன்றைய ஆற்றுக்கு எவ்வளவோ உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாவாவின் வயதும் உயரமும் தெரிந்தால் ஆறு வெட்டும் வேகம் கிடைக்கும். பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 100 முதல் 160 மீட்டர்.

மூன்றாவது வழிதான் சண்டையைக் கிளப்பியது. அப்படைட் என்ற கனிமத்தில் யுரேனியம் சிதையும்போது ஹீலியம் வெளிவரும். சுமார் 70 டிகிரிக்கு மேல் சூடிருந்தால் ஹீலியம் தப்பிவிடும், ஆறினால் தங்கும். ஆழத்தில் இருக்கும் பாறை சூடாக இருக்கும். மேலே உள்ளதை ஆறு வெட்டியெடுக்கும்போது குளிரும். எனவே ஹீலியம் எப்போதிலிருந்து தங்கியது என்பதே மேல்சுமை எப்போது போனது என்பதற்கு விடை. 2012இல் ஃபிளவர்ஸ், ஃபார்லி இருவரும் இதை வைத்து மேற்குக் கேன்யன் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பெருமளவு வெட்டப்பட்டுவிட்டது என்றார்கள். 2014இல் கார்ல்ஸ்ட்ராம் குழு அதே வகை அளவுகளோடு வந்து, நடுவே ஒரு துண்டு 5 முதல் 7 கோடி, கிழக்குத் துண்டு ஒன்றரை முதல் இரண்டரை கோடி, இரு முனைகளும் 50, 60 லட்சம் மட்டுமே என்றது. பழைய பள்ளங்களை இளைய ஆறு கோத்துக்கொண்டது என்பது அவர்கள் முடிவு.

எனக்குக் கார்ல்ஸ்ட்ராம் கணக்குதான் ஒப்புகிறது. மேற்கு முனைப் படிவுகளில் ஆற்று மணல் இல்லாததை அது விளக்குகிறது. மாமா ஆமோதிக்கவில்லை. "ஹீலியம் சொல்றதை இன்னும் பார்க்கணும்" என்று நிறுத்திக்கொண்டார்.

பேச்சுக்கு நடுவில் பைனாகுலரில் கீழே எதையோ பிடித்துவிட்டார். டெசர்ட் வியூவுக்குக் கீழே பழைய படிவுகள் சாய்ந்து கிடக்கின்றன, அவற்றின் நுனிகளை வெட்டிக்கொண்டு டேபீட்ஸ் மட்டமாகப் போகிறது. நேற்று நான் கை வைத்த அதே கோடு, இங்கே கோணத்தோடு. மேலிருந்தே தெரிகிறது.

"படிஞ்சுது. சாஞ்சுது. தேஞ்சுது. அப்புறம் கடல் வந்துச்சு" என்று விரல்விட்டு எண்ணினார். நோட்டை என் கையில் கொடுத்து, காற்றில் பக்கம் புரளாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கண்ணில் பைனாகுலரை வைத்தபடி சாய்ந்த படிவுகளை ஒவ்வொன்றாக வரைய ஆரம்பித்தார். வெயில் ஏறும் முன் கிளம்பலாம் என்றிருந்தோம். அவர் முடிக்கப் பதினொரு மணி ஆயிற்று.